பேத்தையில் ஆண் எது, பெண் எது?

மன்னார்த் தீவின் தெற்கே மன்னார்க் குடாவும் வடக்கே பாக்குநீரிணையும் அமைந்திருப்பதால், இங்குள்ள மீனவரின் வலையில் அகப்படாத மீன் வகை அரிது. அவற்றுள் விலையுமின்றி விரும்புவாருமின்றிக் கரையிலே வீசப்படுவது பேத்தை. தொட்டவுடன் நீரையோ காற்றையோ விழுங்கிப் பந்துபோல உப்பிக்கொள்ளும் அம் மீன், சிறுவருக்கு விளையாட்டுப் பொருள். கிளியின் அலகுபோல் அமைந்த அதன் நான்கு பற்களோ, வலையையும் கடித்து அறுக்கும் வலிமையுடையன.

இம் மீனில் ஆண் எது, பெண் எது என்று கேட்டால் விடை கூறுவார் எத்தனை பேர்? சேவலைக் கொண்டையாலும் மயிலைத் தோகையாலும் இனங்காண்கிறோம். நண்டைப் புரட்டி, வயிற்று மடல் அகன்றிருந்தால் பெண், ஒடுங்கியிருந்தால் ஆண் என்று கரையோரத்துப் பிள்ளைகளும் சொல்லிவிடுவர். பேத்தையிடத்திலோ இயற்கை இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் மறைத்தே வைத்திருக்கிறது.

மறைக்காத பேத்தையும் உண்டு. கேரளத்தின் பம்பை முதலிய நன்னீர் ஆறுகளில் வாழும் திருவிதாங்கூர்ப் பேத்தையே அது. வளர்ந்த மீனும் ஏறத்தாழ ஓர் அங்குல நீளமே உடையது. சுந்தர்லால் ஹோரா, கிருஷ்ணன் நாயர் என்னும் விலங்கியல் அறிஞர் இருவர் 1941 ஆம் ஆண்டில் இதனை உலகுக்கு அறிவித்தனர். இதன் ஆணுக்கு வயிற்றின் நடுவே ஒரு கருங்கோடு ஓடும். கண்ணின் பின்புறத்தில் சுருக்கம் போன்ற மெல்லிய வரிகள் மின்னும். உடல் நிறமும் அடர்ந்து தோன்றும். பெண்ணின் வயிற்றில் கோடு இராது. உடல் சற்றே பருத்து உருண்டிருக்கும். ஓர் ஆண் மற்றோர் ஆணை எதிர்க்கும்போது, தோணியின் அடிமரமாகிய ஏராவைப்போல் வயிற்றுத் தோலை விளிம்பாக நிமிர்த்திக் காட்டும். இம் மீனுக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயரின் முற்பகுதியும் ஏராவையே குறிக்கிறது.

ஆயின், இக் குறிகள் யாவும் வளர்ந்த மீனுக்கே உரியவை. குஞ்சுகளிடையே வேறுபாடு காண்பது அரிது. கண்ணாடித் தொட்டியில் இவற்றை வளர்க்க விரும்பும் மாணவர் பொறுமையோடு காத்திருந்தே அறிதல் வேண்டும். ஆண்கள் ஒன்றையொன்று கடித்துப் பொருதும் இயல்பின. ஆதலால் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்களும், ஒளிந்துகொள்ள அடர்ந்த நீர்ச்செடிகளும், உணவுக்குச் சிறு நத்தைகளும் வேண்டும். தொட்டி வாணிகத்துக்காக ஆற்றிலிருந்து மிகுதியாகப் பிடிக்கப்பட்டமையால் இவ்வினம் இன்று அருகி வருவதையும் மறத்தலாகாது.

இனி, இலங்கையின் கழிமுகங்களிலும் உவர்நீர்க் களப்புகளிலும் வாழும் பச்சைப் பேத்தையைப் பார்ப்போம். முதுகிலே கரும்புள்ளிகள் உடைய இதனை எத்தனை முறை புரட்டிப் பார்த்தாலும் ஆண் பெண் வேறுபாடு புலப்படுவதில்லை. சினைக் காலத்தில் பெண்ணின் வயிறு பருக்கும் என்பது உண்மையே. ஆனால், உப்புவதையே இயல்பாகக் கொண்ட மீனில் வயிற்றின் பருமனை நம்பித் தீர்ப்புக் கூற இயலுமா?

உடலால் அறிய இயலாத ஆணைச் சில வேளை தொழிலால் அறியலாம். யப்பானின் அமாமித் தீவை அடுத்த கடலடியில் ஒரு வகைப் பேத்தையின் ஆண், ஏறத்தாழ ஆறரை அடி அகலமுள்ள வட்டக் கோலத்தைத் தன் செட்டைகளாலே மணலில் வரைகிறது. அதன் நடுவிலே பெண் முட்டையிட்டு நீங்க, குஞ்சு பொரிக்கும்வரை ஆணே காவல் நிற்கிறது. 1995 இல் சுழியோடிகள் கண்ட இக் கோலத்தை வரைந்தது யார் என்பது, பல ஆண்டுகள் கழிந்த பின்னரே தெளிவாயிற்று.

பெரும்பாலான பேத்தைகளில் ஐயந்திரிபற அறிய வேண்டுமாயின், வயிற்றை அறுத்தே பார்க்க வேண்டும். மணிமணியாகத் திரண்ட சினை பெண்ணுக்கு உரியது. வழுவழுப்பான வெண்ணிற விந்துப்பை ஆணுக்கு உரியது. ஆனால், இந்த இடத்திலேதான் யமன் காத்திருக்கிறான். பேத்தையின் ஈரலிலும் சினையிலும் டெட்ரோடொக்சின் என்னும் கொடிய நஞ்சு செறிந்துள்ளது. சமைப்பதால் அந் நஞ்சு அழிவதில்லை. அதற்கு மாற்று மருந்தும் இல்லை. யப்பானியர் சில இனங்களின் விந்துப்பையைச் சுவைத்து உண்பர். அதனைக் கேள்விப்படும் ஒருவர், "பெண்ணை விலக்கி ஆணை உண்டால் தீங்கில்லை" என்று எண்ணிவிடக்கூடும்.

அவ்வெண்ணம் முற்றிலும் தவறு. ஈரல் இரு பாலுக்கும் பொது. சில இனங்களில் விந்துப்பையும் நஞ்சு. இந்து சமுத்திரத்தில் வாழும் ஒரு வகையில் தசையே நஞ்சு. முதிராத சினையும் விந்துப்பையும் பார்வைக்கு ஒத்திருப்பதும் உண்டு. அனுமதி பெற்ற சமையற்காரர் உள்ள யப்பானிலேயே, 1975 இல் எட்டாம் பந்தோ மிட்சுகோரோ என்னும் புகழ்பெற்ற நாடக நடிகர் பேத்தை ஈரலை உண்டு மாண்டார். நன்னீர்ப் பேத்தையெனின் அச்சமில்லை என்பாரும் உளர். அவற்றிலும் உயிர்கொல்லும் நஞ்சு கண்டறியப்பட்டுள்ளது. வங்காளதேசத்தில் 2008 இல் பேத்தையை உண்ட பலர் உயிரிழந்தனர்.

ஆகவே தாய்மாரும் மாணவரும் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் நன்று. கரையில் கிடக்கும் பேத்தையை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். பூனைக்கும் நாய்க்கும்கூட இடாதீர்கள். அறியாமல் உண்டவருக்கு உதடும் நாவும் விறைக்கத் தொடங்கினால், கைவைத்தியத்தில் காலம் போக்காமல் அந்தக் கணமே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். இந் நஞ்சு மூச்சையே நிறுத்துவது. உரிய வேளையில் செயற்கைச் சுவாசம் கிடைத்தால் பிழைத்தெழலாம். பேத்தையின் ஆண் பெண் வேறுபாட்டைக் கண்ணாடித் தொட்டியில் எத்தனை நாளும் ஆராயுங்கள். அடுப்பங்கரையில் அந்த ஆராய்ச்சி வேண்டாம்.