பிள்ளையின் இ-மெயிலுக்குக் காவல் யார்?

பொழுது விடிவதற்கு முன்பே மாரிகுப்பம் ரெயில் நிலையம் விழித்துக்கொள்கிறது. 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி தங்கச் சுரங்கம் மூடப்பட்டது முதல், கோலார் தங்கவயலின் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போடுவது பெங்களூர் வேலைதான். காலையில் ரெயில் ஏறும் தந்தை வீடு திரும்ப இரவாகிவிடுகிறது. தாயும் வேலைக்குப் போகும் வீடுகள் உண்டு. பகல் முழுவதும் பிள்ளைக்குத் துணை பாட்டியும் ஒரு செல்போனும்தான்.

அந்தச் செல்போனில் பிள்ளை பெயரில் ஒரு இ-மெயில் கணக்கு இருக்கிறது. பாடம், உதவித்தொகை மனு, கல்லூரி விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் அது வேண்டியிருக்கிறது. ஆனால் பல வீடுகளில் அதைத் தொடங்கியவர் பெற்றோர் அல்ல. ஒன்று, பிள்ளையே வயதைக் கூட்டிச் சொல்லித் தொடங்கியிருக்கும். அல்லது கம்ப்யூட்டர் கடைக்காரர் தொடங்கிக் கொடுத்திருப்பார். கடவுச்சொல் கடைக்காரருக்குத் தெரியும், தந்தைக்குத் தெரியாது!

சட்டம் என்ன சொல்கிறது?

தனிமனிதரின் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டு 2017 ஆகஸ்டு 24-ந் தேதி தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்த புட்டசாமி, கர்நாடக ஐகோர்ட்டின் ஓய்வுபெற்ற நீதிபதி என்பது குறிப்பிடத்தக்கது. அந்தத் தீர்ப்புக்குப் பின் 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 18 வயது நிரம்பாதவர்களின் விவரங்களைப் பெற, பெற்றோரின் ஒப்புதல் கட்டாயம் என்கிறது சட்டம். பிள்ளைகளின் நடவடிக்கையைப் பின்தொடரக் கூடாது; அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கம்பெனிகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. அந்தக் கணக்குப்படி, இந்தப் பிரிவு நடைமுறைக்கு வரும் காலம் 2027 மே.

இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. இ-மெயில் அனுப்பிப் பெறுவதற்கு மட்டுமே பயன்படும் கணக்கைத் தொடங்க, விதிகள் இந்த நிபந்தனைகளிலிருந்து விலக்கு அளித்துள்ளன. ஒப்புதல் கிடைக்காத பிள்ளையின் படிப்பு தடைப்படக் கூடாது அல்லவா? ஆகவே விலக்கில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதன் பொருள் என்ன? இ-மெயிலைப் பொறுத்தவரை வாசலில் காவல் நிற்கப்போவது சட்டம் அல்ல, குடும்பம்தான்.

கம்பெனியின் ஏற்பாடு

அமெரிக்கா 1998-ல் இயற்றிய சட்டம், 13 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களை இணையத்தில் பெற பெற்றோரின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. கூகுள் நிறுவனம் இந்தியாவிலும் 13 வயதையே எல்லையாக வைத்துள்ளது. அதற்குக் குறைந்த வயதுப் பிள்ளைக்கு, ‘பேமிலி லிங்க்’ வழியாகப் பெற்றோரே ஜிமெயில் கணக்கு தொடங்கித் தரலாம். செல்போனைப் பயன்படுத்தும் நேரத்தைக் குறைக்கலாம். புதிய செயலிகளைத் தடுக்கலாம். ஆனால் பிள்ளைக்கு வரும் கடிதங்களை அதன் வழியே படிக்க முடியாது. வயதைப் பொய்யாகக் கூட்டிச் சொன்னால் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது.

எவ்வளவு கண்காணிப்பு?

கண்காணிப்பு வேறு, வேவு பார்ப்பது வேறு. பத்து வயதுப் பிள்ளையின் கடிதங்களைப் பெற்றோர் உடனிருந்து பார்ப்பதில் தவறில்லை. பதினாறு வயதுப் பெண்ணின் கடிதங்களைத் திருட்டுத்தனமாகப் படித்தால், அவள் வேறொரு கணக்கு தொடங்கிக்கொள்வாள். அதன்பிறகு வீட்டாருக்கு ஒன்றுமே தெரியாது. மிரட்டல் வந்தாலும், ‘சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள்’ என்ற பயத்தில் வாய் திறக்க மாட்டாள். மிரட்டுகிறவனுக்கு அந்தப் பயமே மூலதனம்.

ரெயிலில் இருக்கும் தந்தையால் என்ன செய்ய முடியும்? முடிகிற காரியங்கள் சில உண்டு. உண்மையான பிறந்த தேதியுடன், பெற்றோர் முன்னிலையில் கணக்கு தொடங்கலாம். மீட்பு எண்ணாகப் பெற்றோரின் செல்போன் எண்ணைக் கொடுக்கலாம். கடைக்காரர் போட்ட கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் பிள்ளையோடு உட்கார்ந்து, ‘யார் எழுதினார்கள்?’ என்று கேட்கலாம். தவறு நடந்தாலும் போன் பறிபோகாது என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்க வேண்டும். மிரட்டல் கடிதத்தை அழிக்கக் கூடாது, அதுவே சாட்சி. பணம் பறிபோனால் 1930, பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098 என்ற எண்களைப் பாட்டிக்கும் எழுதிக் கொடுக்கலாம்.

பூமிக்குள் இறங்கியவர் யார், மேலே வந்தவர் யார் என்று ஒவ்வொரு ஷிப்டிலும் கணக்குப் பார்த்த ஊர் தங்கவயல். உள்ளே போனவரை நம்பாததால் அல்ல, அவர் திரும்பி வரவேண்டும் என்பதற்காகவே அந்தக் கணக்கு. பிள்ளைகளின் இ-மெயிலுக்கும் பெற்றோரிடம் எதிர்பார்க்கப்படுவது அவ்வளவுதான்.