ஒலிநாடா யார் கையில்?

1953 மே 15, வெள்ளிக்கிழமை இரவு. கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள மாஸி ஹோல் மண்டபத்தில் ஐந்து கறுப்பினக் கலைஞர்கள் மேடையேறினார்கள். சார்லி பார்க்கர் சக்ஸபோன், டிஸ்ஸி கில்லஸ்பி ட்ரம்பற், பட் பவல் பியானோ, சார்ள்ஸ் மிங்கஸ் பேஸ், மக்ஸ் ரோச் ட்ரம்ஸ். ஜாஸ் இசையில் ‘பீபொப்’ என்று சொல்லப்படும் வகையைக் கட்டியெழுப்பியவர்களில் முதல்வரிசைக்காரர்கள். இந்த ஐவரும் ஒன்றாக வாசித்த ஒலிப்பதிவு இது ஒன்றுதான்.

அன்றைய இரவில் சரியாக நடந்த காரியங்களை எண்ணிவிடலாம். அதே இரவு சிக்காகோவில் மார்சியானோவும் வோல்கொட்டும் மோதிய உலகக் குத்துச்சண்டைப் போட்டி நடந்தது. ஊரின் கவனமெல்லாம் அங்கே போயிற்று. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டோர் அமரக்கூடிய மண்டபத்தில் பல ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. சண்டையோ முதற் சுற்றிலேயே முடிந்துவிட்டது. பார்க்கரின் கையில் இருந்தது பிளாஸ்டிக்கில் செய்த சக்ஸபோன். பட் பவல் மனநோய் மருத்துவமனையிலிருந்து வெளியே வந்து அதிக காலம் ஆகவில்லை. ஏற்பாட்டாளர்களான உள்ளூர் ஜாஸ் சங்கத்தாரால் பேசிய காசை முழுமையாகக் கொடுக்கவும் முடியவில்லை.

காசுக்குப் பதிலாக மிங்கஸ் கேட்டு வாங்கியது ஒலிநாடாவை. முந்திய வருடம்தான், 1952இல், அவரும் மக்ஸ் ரோச்சும் சேர்ந்து ‘டெபியூ’ என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார்கள். பெரிய கம்பனிகள் கறுப்புக் கலைஞனுக்குச் சில்லறையைக் கொடுத்துவிட்டு ஒலியைத் தாங்களே வைத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு அது அவர்களின் பதில். அந்த நிறுவனம் வழியாகவே மாஸி ஹோல் இரவு உலகத்துக்கு வந்தது. வேறொரு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்த பார்க்கரின் பெயரைப் போட முடியாமல், ‘சார்லி சான்’ என்று உறையில் அச்சிட்டார்கள். அந்தத் தொனியைக் கேட்ட எவருக்கும் அது யாரென்று தெரிந்தே இருந்தது.

கல்முனையிலிருந்து வரும் ஒரு சிற்றிதழுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பதிலைச் சொல்லுமுன் இசையைப் பற்றிக் கொஞ்சம்.

பீபொப் கலைஞர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாட்டொன்றை எடுத்து, அதன் சுர அடித்தளத்தை மட்டும் வைத்துக்கொண்டு மெட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அந்த அடித்தளத்தின்மேல் புது மெட்டொன்று ஏறும். அந்த மெட்டும் ஒரு தொடக்கம்தான். பிறகு ஒவ்வொருவரும் அந்த நிமிடத்தில் தோன்றுவதை, மூச்சு முட்டும் வேகத்தில் வாசித்துக்கொண்டு போவார்கள். மாஸி ஹோலில் வாசித்த ‘ஹொட் ஹவுஸ்’ அப்படிப் பிறந்தது; கோல் போர்ட்டரின் பழைய காதற்பாட்டொன்று அதன் அடியில் கிடக்கிறது. எங்கள் வட்டையில் இராக்காவல் இருந்தவர்கள் ஒரே இராகத்தில் ஒருவருக்கொருவர் கவி கட்டி எறிந்தார்களே, அந்த வேலைதான் இது. இராகம் ஊருக்குப் பொது, சொல் அந்த இரவுக்கு மட்டும்.

‘சோல்ட் பீநட்ஸ்’ தொடங்குமுன் பார்க்கர் பேசுவதைக் கவனித்துக் கேளுங்கள். பக்கத்தில் நிற்கும் பழைய கூட்டாளியைச் சபை மரியாதை சொட்டச் சொட்ட அறிமுகப்படுத்துகிறார். அந்த மரியாதைக்குள் ஒரு குத்தல் இருக்கிறது. பாட்டு ஓடும்போது கில்லஸ்பி அதன் பெயரைக் கூவிக் குறுக்கே விழுகிறார். பார்க்கர் அந்தக் கூச்சலுக்கு மேலால் ஏறிப் போகிறார். சபை சிரிக்கிறது. இருவருக்கும் இடையில் அன்பும் இருந்தது, போட்டியும் இருந்தது. கலையகத்தில் வைத்துப் பதிந்திருந்தால் இந்த உரசல் கிடைத்திராது. பட் பவலின் வலது கையில் நோயின் அடையாளம் எதுவும் இல்லை. ரோச்சின் ட்ரம்ஸ் தாளம் காப்பதோடு நிற்பதில்லை, வாசிப்பவனுக்கு வாய்விட்டுப் பதில் சொல்கிறது.

பேஸ் வாத்தியம் நாடாவில் சரியாக விழவில்லை. ஆகவே மிங்கஸ் பின்னர் கலையகத்தில் தன் பகுதியை மறுபடி வாசித்துச் சேர்த்தார். இது சரியா பிழையா என்று ஜாஸ் இரசிகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். எங்களுக்கு முக்கியமாகப் படுவது, அவர் கைவைத்தது தன் வாத்தியத்தில் என்பதும், வைக்கும் உரிமை அவரிடமே இருந்தது என்பதும்.

இந்த இசையின் பிள்ளைப் பருவம் ஏறக்குறையத் தொலைந்துவிட்ட கதையும் உண்டு. நியூயோர்க் ஹார்லத்தில், மின்டன்ஸ் என்ற இரவு விடுதியில், நாற்பதுகளின் தொடக்கத்தில் பீபொப் உருவாகிக்கொண்டிருந்தது. 1942 ஓகஸ்ட்டில் இசைக்கலைஞர் சங்கம் கம்பனிகளோடு பிணங்கி ஒலிப்பதிவை நிறுத்தியது. பிணக்கு முற்றாகத் தீர 1944 நவம்பர் ஆயிற்று. ஒரு பெரிய இசை பிறந்து நடக்கப் பழகிய அந்தக் காலத்துக்குச் சில தனியார் பதிவுகளும், இருந்து பார்த்தவர்களின் வாய்மொழியுமே மிச்சம். மின்டன்ஸில் நிலையான ட்ரம்ஸ் கலைஞராக இருந்த கென்னி கிளார்க், காலால் அடித்துவந்த தாளத்தைக் கைக்கும் தட்டுக்கும் மாற்றி இந்த இசைக்கு முதுகெலும்பு போட்டவர். 1946இல் இஸ்லாத்தைத் தழுவி லியாகத் அலி சலாம் என்று பெயர் வைத்துக்கொண்டார். ஆர்ட் பிளேக்கி, யூசுப் லதீப், சாஹிப் ஷிஹாப், அஹ்மத் ஜமால் என்று அந்த வரிசை நீள்கிறது. நிறத்தைச் சொல்லி வாசலில் நிறுத்திய நாட்டில் முஸ்லிம் பெயர் அவர்களுக்கு இறைநம்பிக்கையாகவும் தன்மானமாகவும் இருந்தது.

இனி எங்கள் கரைக்கு வருவோம். ஒவ்வொரு வருடமும் ஜமாதுல் ஆகிர் பிறை கண்டதும் கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாஹுல் ஹமீது ஒலியுல்லாஹ்வின் பெயரால் கொடி ஏறுகிறது. பக்கீர் பாவாமார் றபானோடு வந்து பைத் ஓதுகிறார்கள், ரிபாய் ராத்திப் நடக்கிறது. கலியாண ஊர்வலங்களில் பொல்லடி ஆடிய அண்ணாவிமார் இந்தக் கரையெங்கும் இருந்தார்கள். தாய்மாரின் தாலாட்டும், நாங்கள் மேலே சொன்ன கவியும் இருந்தன. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் இந்தப் பாட்டுகளைத் திரட்டி அச்சேற்றினார்கள். அந்தக் கைங்கரியத்துக்கு இந்த மண் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் அச்சில் வந்தது சொல். குரல் எங்கே? றபானின் ஓட்டம் எந்த இடத்தில் கூடிற்று, அண்ணாவியார் எந்த அடியில் இழுத்து நிறுத்தினார், எதிர்க்கவி வருமுன் எவ்வளவு நேரம் அமைதி நின்றது என்பதையெல்லாம் புத்தகம் சொல்லாது.

கருவி இல்லாமற் போனது காரணமல்ல. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து அரபு நாடுகளுக்குப் போனவர்கள் முதலில் கொண்டுவந்த சாமான்களில் ஒன்று கசற் ரேடியோ. அதில் நாகூர் ஹனிபாவைக் கேட்டோம். அது நல்ல காரியம்தான். அதே பெட்டியில் பதியும் பொத்தானும் இருந்தது. அதை அமுக்கிப் பக்கத்துத் தெருப் பாவாவைப் பதிய வேண்டும் என்று தோன்றியவர்கள் மிகச் சிலர். அவர்கள் பதிந்ததிலும் எவ்வளவு தப்பியது? 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியபோது நாட்டில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். உயிர்களுக்கே கணக்கெடுத்து முடியாத நாட்களில் கசற்றுகளை யார் தேடினார்கள்?

தர்ஹா கூடுமா, இசை ஹலாலா ஹராமா என்ற விவாதம் எங்கள் ஊர்களில் சில தசாப்தங்களாக நடக்கிறது. இந்தத் தலையங்கம் அதற்குத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. வேண்டாம் என்று நினைப்பவர் விலகியிருக்கலாம். ஆனால் எங்கள் மூத்தவர்கள் எப்படிப் பாடினார்கள் என்ற சாட்சியத்தை அழிய விடுவது மார்க்கப் பற்றில் சேராது. அது வரலாற்றைக் கைவிடுவது. நாளைக்கு இந்தக் கரையின் முஸ்லிம்களுக்குக் கலை இருந்ததா என்று ஒருவன் கேட்டால், ஆய்வுக் கட்டுரையின் அடிக்குறிப்பை மட்டும் காட்டிக்கொண்டு நிற்க முடியாது.

இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒலிப்பதிவுக் கருவி கிடக்கிறது. கொடியேற்றத்தன்று நூறு கைகள் உயர்ந்து படம் பிடிக்கின்றன. அரை நிமிடத் துண்டாக அது முகநூலில் ஏறும். பாடியவர் பெயர் இராது, ஊர் இராது, பாட்டின் தொடக்கமும் முடிவும் இராது. பத்து நாளில் அது எங்கே போயிற்றென்று ஏற்றியவருக்கே தெரியாது. நாடா, வாசித்தவர்களின் கைக்கு வந்ததால்தான் மாஸி ஹோல் தப்பியது. எங்கள் பாவாமாரின் கைக்கு எதுவும் திரும்பி வருவதில்லை.

ஆகவே இவ்விதழ் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறது. வீட்டு அலுமாரிகளில் பழைய கசற்றுகள் கிடந்தால் எறியாதீர்கள். எங்களிடம் தாருங்கள், பிரதி எடுத்துத் திருப்பித் தருவோம். பதிவதென்றால் தொடக்கம் முதல் முடிவுவரை பதியுங்கள். இருமல், பிள்ளை அழுகை, ஒலிபெருக்கியின் கரகரப்பு எதையும் வெட்டாதீர்கள். பாடியவரின் பெயர், ஊர், யாரிடம் கற்றார் என்பவற்றைக் கேட்டு எழுதி, ஒரு பிரதியை அவர் கையிலேயே கொடுங்கள். அவர் வேண்டாம் என்றால் வெளியிடாதீர்கள். வரும் கொடியேற்றத்தில் பாவாமாரிடம் முறையாக அனுமதி கேட்டு, இந்த ஒழுங்கிலேயே முதற் பதிவைத் தொடங்க எண்ணியிருக்கிறோம். ஒலிவாங்கி பிடிக்கத் தெரிந்த இளைஞர்கள் தொடர்புகொள்ளலாம். சம்பளம் தர எங்களிடமும் காசில்லை.