'100 மீட்டர்' வாட்ச்சில் தண்ணீர்... 'வாரண்டி கிடையாது' என்றால் என்ன செய்வது?

வாசகர் கேள்வி-பதில்

''துபாயில் வேலை பார்க்கும் மகன், அங்கேயே 32,000 ரூபாய் மதிப்பில் ஜி.பி.எஸ் வாட்ச் ஒன்று வாங்கி வந்து கொடுத்தான். 'மழை, சேறு எதற்கும் கவலை வேண்டாம். 100 மீட்டர் ஆழம் வரை தாங்கும்' என்றான். எட்டாவது மாதமே கண்ணாடிக்குள் ஆவி படிந்து, பட்டன்கள் வேலை செய்யவில்லை. சென்னையில் உள்ள சர்வீஸ் சென்டருக்கு இரண்டு முறை போய்வந்தேன். 'தண்ணீர் புகுந்தால் வாரண்டி கிடையாது. ரிப்பேர் செய்ய முடியாது. 18,000 ரூபாய் கொடுத்தால் வேறு வாட்ச் தருகிறோம்' என்கிறார்கள். தண்ணீர் போகாது என்று விற்ற பொருளில் தண்ணீர் போனால், யார் பொறுப்பு?''

- வாசகர், தொட்டியம்.

இந்தக் கேள்வியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. தண்ணீர் எப்படி உள்ளே போனது என்பது ஒன்று. செலவை யார் ஏற்பது என்பது இன்னொன்று. முதல் விஷயம் தெளிவானால்தான், இரண்டாவதைப் பற்றி சர்வீஸ் சென்டரில் பேச முடியும்.

'100 மீட்டர்' என்பது, அதைக் கட்டிக்கொண்டு 100 மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்ற உறுதிமொழி அல்ல. அது சோதனை அழுத்தத்தின் அளவு. மோட்டார் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு இது எளிதில் புரியும். 10 மீட்டர் தண்ணீரின் 'ஹெட்', சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம். அந்தக் கணக்கில் 100 மீட்டர் என்றால் 10 கிலோ. தொழிற்சாலையில் புது வாட்ச்சை, அசையாத நிலையில் வைத்துச் செய்யும் சோதனை இது. சாதாரண வாட்ச்சுகளுக்கு ஐ.எஸ்.ஓ 22810 என்ற தர அளவீடும், ஆழ்கடலில் மூழ்குபவர்கள் கட்டும் வாட்ச்சுகளுக்கு ஐ.எஸ்.ஓ 6425 என்ற கடுமையான அளவீடும் உண்டு. 30 மீட்டர் என்று போட்டிருந்தால் கை கழுவலாம், தூறலில் நனையலாம், அவ்வளவுதான். 50 மீட்டர் என்றால் லேசாக நீந்தலாம். 100 மீட்டர் என்றால் கிணற்றில் நீந்தலாம். ஆனால், விசைத்தெளிப்பானில் 20 கிலோவுக்கு மேலேயே அழுத்தம் ஓடும். அந்தக் 'கன்'னை அருகில் பிடித்து டிராக்டரோடு சேர்த்து வாட்ச்சையும் கழுவினால், 10 கிலோ கணக்கு அங்கே உதவாது.

வாட்ச்சுக்குள் தண்ணீர் போகாமல் தடுப்பவை, பின்மூடியிலும் பட்டன்களிலும் இருக்கும் மெல்லிய ரப்பர் வளையங்கள். மோட்டாரில் இருக்கும் ஆயில் சீல் போலத்தான் இவையும். நாளாக ஆக இறுகும், வெடிக்கும். டீசல், பெட்ரோல், தின்னர் பட்டால் சீக்கிரம் கெடும். திரவப் பூச்சிக்கொல்லிகளில் 'இ.சி' என்று போட்டிருப்பவற்றில் கரைப்பான்கள் உண்டு. அவையும் ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஆகாது. மருந்து அடிக்கும்போது வாட்ச் கட்டக்கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. பட்டைக்கு அடியில் தங்கும் மருந்து, மணிக்கணக்கில் தோலோடு ஒட்டியே இருக்கும். தண்ணீருக்குள் கை இருக்கும்போது பட்டனை அழுத்துவதும், கொதிநீர் ஆவி படுவதும்கூட கசிவுக்கு வழிவிடும்.

இனி, பொறுப்பு யாருக்கு என்று பார்ப்போம். கண்ணாடியில் விரிசல் இல்லை, பின்மூடியை யாரும் திறக்கவில்லை, கீழே விழுந்த அடையாளமும் இல்லை, வாரண்டி காலமும் முடியவில்லை என்றால், எட்டு மாதத்தில் சீல் விட்டுப்போனது தயாரிப்புக் குறைபாடுதான் என்று வாதாட இடம் உண்டு. 'தண்ணீர் புகுந்திருக்கிறது' என்பது விளைவு. அது ஏன் புகுந்தது என்பதுதான் கேள்வி. அந்தக் காரணத்தை சர்வீஸ் சென்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். 'பிரஷர் டெஸ்ட்' செய்தார்களா, எந்த இடத்தில் கசிவு, உள்ளே எடுத்த புகைப்படம் எங்கே என்று மின்னஞ்சலில் கேட்டால், வாய்மொழியில் கிடைத்த பதில் சில நேரம் மாறும்.

வாட்ச் துபாயில் வாங்கப்பட்டது என்பதுதான் இங்கே சிக்கல். வாரண்டி அட்டையில் 'சர்வதேச வாரண்டி' என்று இருக்கிறதா, வாங்கிய நாட்டுக்கு மட்டும் என்று இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நாட்டுக்கு மட்டும் என்றால், சென்னை சர்வீஸ் சென்டரோடு சண்டை போட்டுப் பலன் இல்லை. பில் மகனிடம் இருக்கும். அவர் அடுத்து ஊருக்கு வந்து திரும்பும்போது வாட்ச்சை எடுத்துப்போய், வாங்கிய கடையிலேயே கொடுப்பதுதான் சரியான வழி. ஐக்கிய அரபு அமீரகத்திலும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கடைக்காரர் மறுத்தால் மகன் அங்கேயே புகார் கொடுக்கலாம். வாரண்டி முடிய நான்கு மாதங்கள்தான் இருக்கும் என்பதால், குறைபாட்டைப் பற்றி இப்போதே கடைக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதிவு செய்துவிட வேண்டும்.

18,000 ரூபாயை உடனே கட்ட வேண்டாம். இந்த வகை வாட்ச்சுகளைப் பல கம்பெனிகள் பழுது பார்ப்பதே இல்லை. பழையதை வாங்கிக்கொண்டு, சீரமைத்த இன்னொன்றைக் கொடுப்பார்கள். அப்படிக் கொடுக்கும் வாட்ச் புதியதா, சீரமைத்ததா, அதற்கு எத்தனை நாள் வாரண்டி என்று கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம். விலையில் பாதிக்கு மேல் கொடுத்து, குறுகிய கால வாரண்டியில் வாங்குவது யோசிக்க வேண்டிய விஷயம். நிலம் அளக்கத்தான் இந்த வாட்ச் என்றால், அதற்கு இது ஏற்றதும் அல்ல. ஜி.பி.எஸ் கணக்கில் சில மீட்டர் முன்னே பின்னே வரும். உழவுக்கூலி கணக்குப் பார்க்கலாம். வரப்புத் தகராறைத் தீர்க்க முடியாது.

''சூரிய ஒளியில் ஓடும் வாட்ச் நின்றுவிட்டது. கம்பெனி சர்வீஸ் சென்டர் தொலைவில் இருப்பதால், பஸ் ஸ்டாண்ட் கடையில் 100 ரூபாய்க்கு பேட்டரி மாற்றினேன். ஒரே மாதத்தில் மீண்டும் நின்றுவிட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?''

- வாசகர், சங்கரன்கோவில்.

ஏமாற்றியிருக்க வேண்டும் என்பதில்லை. பேட்டரி வகை மாறியிருக்கலாம். சூரிய ஒளி வாட்ச்சுகளுக்குள் இருப்பது, திரும்பத் திரும்ப சார்ஜ் ஏறும் தனி வகை செல். சாதாரண வாட்ச் பேட்டரிக்கு சார்ஜ் ஏறாது. சார்ஜ் ஏற்ற முயன்றால், ரசாயனம் கசிந்து இயந்திரத்தையே கெடுத்துவிடும். எனவே, இப்போது போட்டிருக்கும் பேட்டரியை உடனே எடுத்துவிட வேண்டும். பழைய செல்லின் எண்ணைப் பார்த்து, அதே வகை செல்லைத்தான் போட வேண்டும். அதற்கு முன்பு, அது உண்மையிலேயே பேட்டரி கோளாறுதானா என்றும் பார்க்க வேண்டும். பெட்டிக்குள் பல மாதங்கள் கிடந்த வாட்ச், வெளிச்சம் இல்லாமலே நின்றிருக்கும். ஜன்னல் ஓரத்தில் இரண்டு, மூன்று பகல் வைத்துப் பார்த்தால், சில நேரம் தானாகவே ஓடத் தொடங்கும். தகரக்கூரை மீதோ, வண்டியின் டேஷ்போர்டு மீதோ உச்சி வெயிலில் வைக்கக்கூடாது. சூட்டில் செல் கெடும்.

வெளிக்கடையில் கொடுப்பது தவறு இல்லை. வாரண்டி முடிந்த வாட்ச்சுக்கு நல்ல கைராசிக்காரர் கிடைத்தால், தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால், மூடியைத் திறந்தால் ரப்பர் வளையத்தையும் மாற்றித்தான் மூட வேண்டும். அழுத்தச் சோதனைக் கருவி இல்லாத கடையில் மூடிய வாட்ச்சைத் தண்ணீருக்குக் காட்டக்கூடாது. வாரண்டி இருக்கும்போது வெளியே திறந்தால், அதையே காரணம் காட்டி வாரண்டியை மறுத்துவிடுவார்கள்.

''பவர் வீடர் வாங்கி ஏழு மாதங்கள் ஆகின்றன. களையெடுப்பு நேரத்தில் நின்றுவிட்டது. டீலரிடம் விட்டு 40 நாள்கள் ஆகியும், 'ஸ்பேர் வரவில்லை' என்கிறார். ஆள் வைத்துக் களையெடுத்ததில் கை நஷ்டம். விவசாயிகள் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியுமா?''

- வாசகி, ஒட்டன்சத்திரம்.

நிச்சயம் போகலாம். 'தொழிலுக்கு வாங்கிய பொருள், நீங்கள் நுகர்வோர் இல்லை' என்று சிலர் மிரட்டுவார்கள். சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருள், வணிக நோக்கத்தில் சேராது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தெளிவாகச் சொல்கிறது. விதை விஷயத்தில் விவசாயிகளும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-ம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது.

படிப்படியாகப் போவது நல்லது. முதலில் டீலருக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் புகார் அனுப்ப வேண்டும். பொருள் அடைத்து வந்த பெட்டியில், நுகர்வோர் புகாருக்கான முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது விதி. எந்தத் தேதியில் இயந்திரம் விடப்பட்டது, எந்த ஸ்பேர் தேவை, எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்ற மூன்றும் கடிதத்தில் இருக்கட்டும். மானியத்தில் வாங்கிய இயந்திரம் என்றால், கடித நகலை வேளாண்மைப் பொறியியல் துறையின் கோட்ட அலுவலகத்தில் இருக்கும் உதவி செயற்பொறியாளருக்கும் கொடுக்கலாம். துறையிலிருந்து போன் போனால், டீலர்கள் அசைவதுண்டு.

அடுத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். இவர்கள் கம்பெனியிடம் பேசி முடிக்கப் பார்ப்பார்கள். உத்தரவு போட மாட்டார்கள். மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, 2022 டிசம்பரில் 'பழுது பார்க்கும் உரிமை' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. அதில் வேளாண் கருவிகளும் ஒரு பிரிவு. கம்பெனிகளின் சர்வீஸ் மையங்கள், பராமரிப்புக் குறிப்புகள், வாரண்டி விவரம் ஆகியவற்றை அங்கே பார்க்கலாம். ஆன்லைனில் வாங்கிய பொருளாக இருந்தால், அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும்.

இதிலும் சரிவராவிட்டால், மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய கடை எங்கே இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால், கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்னை தோன்றிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். பழுது நீக்கம், பணம் திரும்பப் பெறுதல், இழப்பீடு என எது வேண்டும் என்பதைப் புகாரில் குறிப்பிட வேண்டும். களையெடுப்புக் கூலிக்கு இழப்பீடு கேட்க, ஆள்கள் எண்ணிக்கை, தேதி, கொடுத்த தொகை எழுதிய கணக்கு இருக்க வேண்டும். கூலி வாங்கியவர்களின் கையெழுத்து இருந்தால் இன்னும் பலம். மூன்று மாதங்களுக்குள், பொருளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதங்களுக்குள், புகாரை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கூடுதல் காலம் ஆகும் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும்.

வழக்கு முடியும்வரை களை காத்திருக்காது. வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களை உழவன் செயலி மூலம் முன்பதிவு செய்யலாம். அந்த வாடகை ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள். இழப்பீட்டுக் கணக்கில் அதுவும் சேரும்.

பொருளை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன்...

வாட்ச், கைத்தெளிப்பான், மோட்டார், பவர் வீடர் என எதுவானாலும் இவை பொருந்தும்:

* பில், வாரண்டி அட்டை, சீரியல் எண் மூன்றையும் போனில் படம் எடுத்துவைக்கவும். கடையில் பில்லின் நகலை மட்டும் கொடுத்தால் போதும். அசலைக் கொடுக்க வேண்டாம்.

* பொருளை நான்கு பக்கமும் படம் எடுத்துவிட்டு ஒப்படைக்கவும். ஏற்கெனவே இருக்கும் கீறல்களை 'ஜாப் கார்டு'-ல் எழுதச் சொல்லவும். 'ஜாப் கார்டு' இல்லாமல் பொருளை விட்டுவிட்டு வரக்கூடாது.

* செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்கவும். 'கேட்காமல் வேலை தொடங்கக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போடவும். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேட்கவும்.

* வெளிநாட்டுப் பொருளை இந்தியாவில் வாங்கும்போது, பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை இருக்கிறதா என்று பார்க்கவும். அந்த ஒட்டுவில்லை இல்லாமல் விலை மலிவாக இருந்தால், கம்பெனியின் இந்திய வாரண்டி கிடைப்பது சந்தேகம்.

* 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சடித்திருந்தாலும், குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுக்க முடியாது. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால், 30 நாள்கள் வரை அந்த உரிமை உண்டு. அதனால், வாங்கிய முதல் வாரத்திலேயே எல்லா பட்டன்களையும் கியர்களையும் இயக்கிப் பார்த்துவிட வேண்டும்.