வாடகை நிலத்தில் ஒரு கோட்டை



நல்லேப்பிள்ளியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் நம்மவர் அனைவரும் பாலக்காட்டுக் கோட்டையைக் கண்டிருப்பர். ஹைதர் அலி 1766ஆம் ஆண்டில் கட்டுவித்து, 1790இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய கோட்டை அது. படை நடத்தியோர் எழுப்பிய அரண். இத்திங்கள் நாம் காணப்போவது வேறு வகையானது. வாணிபத்தின் பொருட்டுக் கடல் கடந்து வந்தோர், பிறர் நாட்டில், ஆண்டுதோறும் வாடகை செலுத்தி வாழ்ந்த சிறு கோட்டை. ஊர்விட்டு ஊர் வந்து குடியேறிய நமக்கு அதன் வரலாறு சொல்லும் செய்தி உண்டு.

மயிலாடுதுறை மாவட்டத்தில், காரைக்காலுக்கு வடக்கே கடலோரத்தில் உள்ளது தரங்கம்பாடி. அங்குள்ள மாசிலாமணிநாதர் கோயில், குலசேகர பாண்டியன் காலத்தில், 1305ஆம் ஆண்டில் எழுந்தது. அக்காலக் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. அதனருகே அலைகளை நோக்கி நிற்பதே டேனியர் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை.

டென்மார்க்கு நாட்டின் கிழக்கிந்தியக் கம்பெனி 1616இல் தோன்றியது. முதலில் அனுப்பப்பெற்ற கப்பலைக் காரைக்காலுக்கு அருகே போர்ச்சுகீசியர் அழித்தனர். உயிர் தப்பிய ரோலண்ட் கிராப்பே என்பவர் தஞ்சை நாயக்கர் அவையை அடைந்தார். பின்னர் ஓவே ஜெட்டே என்னும் கடற்படைத் தலைவர் வந்து சேர, 1620 நவம்பரில் இரகுநாத நாயக்கருக்கும் டேனிய மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. ஆண்டு வாடகை 3,111 ரூபாய். அதன் பின் எழுந்தது கோட்டை. கீழ்த்தளத்தில் பண்டகசாலையும் சிறையும். மேல்தளத்தில் ஆளுநர் இல்லமும் வழிபாட்டு அறையும். மிளகு முதலிய சரக்குகளை ஐரோப்பாவிற்கு ஏற்றுவதே அவர்தம் நோக்கம்.

ஆனால் தாய்நாடு அவர்களை விரைவில் மறந்தது. 1640க்குப் பின் ஏறத்தாழ 29 ஆண்டுகள் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. 1650இல் கம்பெனியே கலைக்கப்பட்டது. இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறந்தும் பிரிந்தும் போயினர். இறுதியில் கோட்டையின் பொறுப்பு எஸ்கில் ஆண்டர்சன் என்னும் எளிய படைவீரர் ஒருவர் கையில் வந்தது. உயர்குடிப் பிறப்போ, பெரும் பதவியோ இல்லாத அவர், இவ்வூர் மக்களின் துணைகொண்டு கோட்டையைக் காத்தார். நகரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். 1669இல் ஒரு டேனியக் கப்பல் வந்தபோது, கோட்டையின் மீது தம் நாட்டுக் கொடி பறப்பதைக் கண்டு வந்தவர் வியந்திருப்பர் அன்றோ! ஊரிலிருந்து கடிதம் வாராத நாள்களை அறிந்த நம் குடும்பங்களுக்கு அம்மனிதரின் உள்ளம் விளங்காமல் போகாது.

கோட்டையின் சிறைக்கும் ஒரு கதை உண்டு. 1706 ஜூலை 9ஆம் நாள் சீகன்பால்கு, புளூட்சோ என்னும் இரு ஜெர்மானியப் போதகர்கள் டேனிய மன்னரின் ஆதரவோடு இங்கு வந்திறங்கினர். சீகன்பால்கு சிறுவர்களுடன் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். தமிழ் ஏடுகளைத் தேடித் தொகுத்தார். ஆளுநருக்கும் அவருக்கும் ஏற்பட்ட பிணக்கினால் 1708ஆம் ஆண்டின் இறுதியில் இக்கோட்டையிலேயே சிறையிடப்பட்டு, சுமார் நான்கு திங்கள் அடைபட்டிருந்தார். வெளிவந்து தம் பணியைத் தொடர்ந்தார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714-15இல் இவ்வூரிலேயே அச்சாயிற்று. இன்று உலகம் தரங்கம்பாடியை நினைப்பது மிளகிற்காக அன்று, அந்த அச்சுக்கூடத்திற்காகவே. எந்தக் கோட்டை அவரை அடைத்ததோ, அதன் புகழே அவரால் நிலைத்தது.

1845இல் டேனியர் தரங்கம்பாடியையும் வங்கத்துச் சீராம்பூரையும் சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்று நீங்கினர். 1861இல் நாகப்பட்டினத்திற்கு இருப்புப்பாதை வந்தது. சரக்கும் மக்களும் அவ்வழியே சென்றமையால் இத்துறைமுகம் ஓய்ந்தது. மயிலாடுதுறையிலிருந்து இவ்வூருக்கு 1926இல் இட்ட கிளைப்பாதையும் 1986இல் மூடப்பட்டது. இருப்புப்பாதை ஊழியன் என்ற முறையில், ஒரு தண்டவாளம் ஓர் ஊரை வாழ்விக்கவும் தாழ்விக்கவும் வல்லது என்பதை இங்கு எண்ணிப் பார்க்கிறேன்.

கோட்டை பயணியர் விடுதியாயிற்று. பின்னர்த் தமிழ்நாடு அரசின் தொல்பொருள் ஆய்வுத்துறை அதைத் தன் பொறுப்பில் ஏற்று, 1979இல் அருங்காட்சியகமாக்கியது. பீங்கான் கலங்களும் நாணயங்களும் பழைய ஆவணங்களும் அங்கே காட்சிக்கு உள்ளன. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க்கு அன்பர்களும் கைகொடுத்துக் கட்டடத்தைப் பழுதுபார்த்தனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கடற்கரைக் குடும்பங்கள் பலவற்றைத் துயரில் ஆழ்த்தியபோதும் கோட்டை நிலைத்து நின்றது.

பீரங்கி வைத்துக் காத்த இடத்தை 225 ஆண்டுகளில் விற்றுப் போயினர். வந்த இடத்து மக்களோடு கலந்து வாழ்ந்தவர் பெயரும், அவர்தம் மொழியைக் கற்றவர் பெயருமே எஞ்சின. நம் பிள்ளைகள் வீதியில் மலையாளத்தைத் தம் மொழிபோல் பேசட்டும். வீட்டில் தமிழை எழுதப் படிக்கக் கற்கட்டும். ஒன்றிற்காக மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை.

விடுமுறையில் சொந்த ஊர் செல்லும் அன்பர்கள், தஞ்சைப் பக்கம் போக நேர்ந்தால், குழந்தைகளை அழைத்துச் சென்று அக்கோட்டையைக் காட்டுங்கள். கீழ்த்தளத்துச் சிறையறையையும் மறவாமல் காட்டுங்கள். மணலில் எழுதித் தமிழ் கற்ற ஒருவர் அடைபட்டிருந்த கோட்டை இது என்று சொல்லுங்கள். அடுத்த திங்கள் மீண்டும் சந்திப்போம்.