சாரற்காற்றும் சேமித்த நீரும்

ஆனித் திங்கள் பிறந்துவிட்டால் தென்காசியின் முகமே மாறிவிடுகிறது. ஒருபுறம் குற்றாலத்து அருவிகளை நாடி வரும் மக்கள் கூட்டம். மறுபுறம் செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வரும் காற்றில் சுழலும் காற்றாலைகள். சாரலைக் கொணரும் காற்றே மின்னாற்றலையும் நமக்குக் கொணர்கிறது.

ஆயினும் காற்று நம் தேவையைக் கேட்டு வீசுவதில்லை. ஊர் உறங்கும் நள்ளிரவில் வலுத்து வீசும். விளக்கேற்றும் வேளையில் ஓய்ந்தும் போகும். மின்சாரம் மிஞ்சும்போது ஆலைகளை நிறுத்தி வைப்பதன்றி வேறு வழியில்லாமற் போகிறது. கூலி கேளாது உழைக்க வந்தவனை வாசலில் நிறுத்தித் திருப்பியனுப்புவதற்கு இது ஒப்பாகும்.

இதற்கொரு மருந்து தமிழகத்திலேயே உண்டு. ஆனைமலையில் 1987 முதல் 1989 வரை படிப்படியாக இயங்கத் தொடங்கிய காடம்பாறை நிலையம் 400 மெகாவாட் திறனுடையது. மிகையான மின்சாரத்தைக் கொண்டு மேல் ஆழியாற்று நீரைக் காடம்பாறை நீர்த்தேக்கத்துக்கு ஏற்றுவர். தேவைப்படும் வேளையில் அந்நீரையே கீழிறக்கி மின்சாரம் பெறுவர். நூறு யூனிட் செலவிட்டால் ஏறத்தாழ 75 முதல் 80 யூனிட் வரை திரும்பக் கிடைக்கும். குறைவது இழப்பன்று, காலம் அறிந்து உதவுவதற்கான கூலி.

இன்று இவ்வினா கடல் கடந்தும் விரிகிறது. இந்திய, இலங்கை மின்தொடர்களை இணைப்பதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் 2025 ஏப்ரலில் கையெழுத்தாயிற்று. இணைப்பை நாம் வரவேற்கிறோம். ஆனால் கம்பி மட்டும் போதுமா? இரு நாடுகளின் கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்டுகின்றன. இருவருக்கும் மாலை விளக்கு ஒரே வேளையில் தேவை. தென்காசியில் காற்று வலுக்கும் தென்மேற்குப் பருவத்திலேயே மன்னாரிலும் காற்று வலுக்கிறது. இருவரிடமும் ஒருங்கே மிஞ்சி, இருவரிடமும் ஒருங்கே குறைவதைக் கம்பி எவ்வாறு ஈடுசெய்யும்? இடையே சேமிப்பு வேண்டும்.

அதற்குப் பணம் தருவோர் யார் என்பதே முடிச்சு. இலங்கை 600 மெகாவாட் திறனில் மகா ஓயா நீரேற்று நிலையத்தைத் திட்டமிட்டுள்ளது. ஆனால் 2022இல் அந்நாடு அயல்நாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது நின்றதையும், ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டில் மக்கள் தவித்ததையும் நாம் மறக்கலாகாது. நம் மாநில மின்துறையும் கடன் சுமையால் தள்ளாடுவதே. நலிந்த தோளில் முழுப் பாரத்தையும் ஏற்றுதல் அறமாகாது.

பூட்டானின் சுக்கா புனல்மின் நிலையத்துக்கு இந்தியா 60 விழுக்காட்டை மானியமாகவும் 40 விழுக்காட்டைக் கடனாகவும் அளித்தது. மிஞ்சிய மின்சாரத்தையும் தானே வாங்கியது. அண்டை வீட்டாரை வாழவைத்துத் தானும் பயன்கொண்ட ஏற்பாடு அது.

அவ்வழியில் மூன்றை வற்புறுத்துகிறோம். அணையின் ஆயுள் நெடியது. ஆகவே கடனின் தவணையும் நெடியதாக வேண்டும். விற்கும் யூனிட்டுக்கு மட்டுமன்றி, நிறைந்த நீருடன் ஆயத்தமாய்க் காத்திருப்பதற்கும் கட்டணம் வேண்டும். தீ மூளாத நாளிலும் தீயணைப்புப் படைக்கு ஊதியம் தருகிறோம் அல்லவா? மூன்றாவதாக, இரு கரையாரும் பயனுக்கேற்பச் செலவையும் இழப்பையும் பங்கிட வேண்டும்.

இதன்பொருட்டுக் குற்றால மலையைக் குடைய வேண்டும் என்று நாம் கூறவில்லை. முன்னரே அமைந்த நீர்த்தேக்கங்களை இணைக்க இயலுமா என்றே முதலில் நோக்க வேண்டும். அருவிக்குத் தாயாகிய காட்டை அழித்துப் பெறும் ஒளி, வீட்டுக் கூரையைப் பிரித்து அடுப்பெரித்த கதையாகும்.

அடுத்த சாரலிலும் காற்று தவறாமல் வரும். அதை வரவேற்கக் கலம் ஏந்தி நிற்கப் போகிறோமா, கதவடைக்கப் போகிறோமா என்பதே நம்முன் உள்ள கேள்வி.