முள் சொல்லும் பொய்

அனுமந்தன்பட்டியிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டில் மாமனார் காலத்து அம்பாஸடர் கார் இருக்கிறது. போன மாதம் குழந்தைகளோடு குமுளிக்குப் புறப்பட்டார்களாம். கம்பம், கூடலூர் எல்லாம் தாண்டி, லோயர் காம்ப்பில் மலை ஏறத் தொடங்கிய சிறிது நேரத்துக்கெல்லாம் வண்டி நின்றுவிட்டது. டாங்கியில் சொட்டுப் பெட்ரோல் இல்லை. முள்ளோ, பாதி டாங்கி இருப்பதாகச் சாதித்துக்கொண்டிருந்ததாம்! வளைவில் வண்டி, பின்னால் வரிசையாக லாரிகள், மடியில் கைக்குழந்தை. நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது என்கிறார். ஊர் திரும்பியதும் மீட்டரை மாற்றினார்கள். புது மீட்டரும் அதே பொய்யைத்தான் சொல்கிறது. "வண்டியை விற்றுவிடலாம் என்கிறார் இவர். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யட்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

விற்க வேண்டாம், அம்மா! அம்பாஸடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. போனால் போனதுதான். கோளாறு முழ ஒயரில் தீர்ந்துபோகிற கோளாறாகவே இருக்கலாம்.

சாவியைத் திருப்பியதும் முள் "துள்ளிக் குதிக்கிறது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் நமக்குத் துப்பு. பழைய கார்களில் இரண்டு ஜாதி பெட்ரோல் மீட்டர் உண்டு. ஒன்று சட்டென்று துள்ளும். மற்றது, சற்றுப் பிந்தி வந்தது, புது மருமகள் மாதிரி மெதுவாக நகரும்.

டாங்கிக்குள் ஒரு மிதவை. அதை ஒட்டி ஒரு கை. கை உரசுகிற இடத்தில் தடைக் கம்பிச் சுருள். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் டாங்க் யூனிட். பாட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் மீட்டர் வழியாக இந்த யூனிட்டுக்கு வந்து, வண்டியின் உடம்புத் தகரத்தின் வழியாகவே பாட்டரிக்குத் திரும்புகிறது. இந்தத் திரும்பும் பாதையைத்தான் மெக்கானிக்குகள் 'எர்த்' என்கிறார்கள்.

துள்ளும் ஜாதியில் டாங்கி காலியானால் தடை குறைவு, நிறைந்தால் அதிகம். பாவம், மீட்டருக்குப் பெட்ரோல் தெரியாது, தடைதான் தெரியும். எர்த் பிடிக்கிற இடத்தில் துரு ஏறினால் அந்தத் துருவும் ஒரு தடை. மீட்டர் அதையும் பெட்ரோல் என்று கணக்குப் பண்ணிவிடுகிறது! மெதுவாக நகரும் ஜாதியில் இதற்கு நேர்மாறு. துரு ஏறினால் இருப்பதைக் குறைத்துக் காட்டும். பயமுறுத்துமே தவிர, நடுவழியில் விடாது.

சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். வீட்டுக்காரர் பின்னால், நீங்கள் முன்னால் சாவியோடு. வண்டி திறந்த வெளியில் நிற்கட்டும். டாங்கி மூடி இறுக மூடியிருக்கட்டும். தீக்குச்சி, சிகரெட் பக்கத்தில் வரக்கூடாது. சாவி அணைந்திருக்கும்போது, யூனிட்டில் வந்து சேரும் ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். இப்போது சாவியைப் போட்டால் முள் 'நிறைவு'க்கு ஓட வேண்டும். மறுபடி அணைத்து, அந்த ஒயரை வண்டியின் சுரண்டிய தகரத்தில் பிடித்துக்கொண்டு சாவியைப் போட்டால் 'காலி'க்கு இறங்க வேண்டும். இரண்டும் சரியாக நடந்தால் மீட்டரும் ஒயரும் நிரபராதிகள். (மெதுவாக நகரும் ஜாதி வைத்திருப்பவர்கள் இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்ள வேண்டும், தகரத்தில் பிடித்தபடி நாலைந்து விநாடிக்குமேல் வைத்தால் மீட்டர் கெட்டுவிடும்.)

அப்புறம் ஒயரைப் பழையபடி மாட்டி, சாவி அணைந்திருக்கும்போதே, ஒரு தனி ஒயரை யூனிட்டின் உலோக விளிம்பிலிருந்து சுரண்டிய தகரத்துக்குக் கட்டிப் பாருங்கள். சாவியைப் போட்டதும் முள் உண்மை பேசினால் திருடன் அகப்பட்டான். துருவை உப்புக் காகிதத்தால் தேய்த்து, அந்த ஒயரை நிரந்தரமாகவே திருகி வைத்துவிடலாம்.

அதற்கும் மசியாவிட்டால்தான் யூனிட்டைக் கழற்ற வேண்டும். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். மிதவையின் கை எங்காவது சிக்கி நிற்கலாம். கம்பிச் சுருள் தேய்ந்திருக்கலாம். பித்தளை மிதவையைக் காதோரம் ஆட்டினால் 'சளக்' என்றால், ஓட்டை வழியாக உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். ஈயம் வைத்து அடைக்கிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். உள்ளே ஆவி இருந்தால் வெடிக்கும். புதிது வாங்குவதே மேல். சில மிகப் பழைய கார்களில் அரக்குப் பூச்சுப் பூசிய கார்க் மிதவை உண்டு. இன்றையப் பெட்ரோலில் கலக்கிற எத்தனால் அந்தப் பூச்சைக் கரைத்துவிடும். மிதவை ஊறி அமிழ்ந்துபோகும்.

ரிப்பேர் ஆன பிறகு, சமதரையில் ஐந்தைந்து லிட்டராகப் பெட்ரோல் ஊற்றி, முள் எங்கே நிற்கிறதென்று பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் டாங்கிக்குள் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும்; முள்ளும் கூடவே ஆடும். ஆகையால், அடுத்த முறை குமுளிக்குப் போகும்போது கம்பத்திலேயே வண்டியை நிறுத்தி, முள்ளையும் நோட்டையும் பார்த்துவிட்டு ஏறுங்கள்.