விண்ணிலிருந்து வந்த மண்ணும் நம் மங்குப் பாலும்



ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதும் என்பார்கள். பால்மரம் சீவிய குடும்பங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜொகூரில் பல தோட்டங்கள் இன்று செம்பனைக்கு மாறிவிட்டன. ஆனாலும் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மங்கைத் துடைக்காமல் விட்டால், அதிலுள்ள கிருமிகள் பாலைப் புளிக்கவைத்து, ஸ்டோருக்குப் போகுமுன்னே கட்டியாக்கிவிடும். அது மரத்தின் குற்றமல்ல, மங்கின் குற்றம்.

விண்வெளி விஞ்ஞானிகளுக்கும் இதே கவலைதான். வால் நட்சத்திரத்திலிருந்தும் சிறுகோள்களிலிருந்தும் அவர்கள் தூசியும் மண்ணும் கொண்டுவருகிறார்கள். எதற்காக? உயிருக்கு மூலப்பொருளான அமினோ அமிலங்கள் வானிலிருந்து பூமிக்கு வந்திருக்குமா என்று அறியத்தான். ஆனால் அதே அமிலங்கள் நம் விரல் வியர்வையிலும் இருக்கின்றன. ஒரு விரல் பட்டால் போதும். நம் கையில் இருந்ததையே வானத்தில் கண்டதாக உலகுக்கு அறிவித்துவிடுவோம்!

நடந்த கதையைக் கேளுங்கள். அமெரிக்காவின் 'ஸ்டார்டஸ்ட்' கலம் 2006-ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு வால் நட்சத்திரத்தின் தூசியைக் கொண்டுவந்தது. அதில் கிளைசின் என்னும் அமினோ அமிலம் இருந்தது. உடனே கொண்டாடவில்லை. ஏனென்றால், அதோடு நைலானிலிருந்து வரும் ஓர் அமிலமும் இருந்தது! பொருள்களைப் பொதிந்த நைலான் பையின் வேலை அது. பிறகு இரண்டிலும் உள்ள கரியணுக்களைச் சோதித்தார்கள். நைலான் அமிலத்தின் கரி பூமியைச் சேர்ந்தது; கிளைசினின் கரி விண்ணைச் சேர்ந்தது. அதன் பிறகே, 2009-இல், செய்தியை அறிவித்தார்கள்.

அந்தப் பாடம் வீண்போகவில்லை. பெண்ணு என்ற சிறுகோளுக்குப் போன 'ஒசைரிஸ்-ரெக்ஸ்' கலத்தைச் செய்யும்போதே நைலானை ஒதுக்கினார்கள். கலம் கட்டிய கூடத்தில் என்ன படிகிறது என்று அறியத் தகடுகள் வைத்தார்கள். கலத்தோடும் சாட்சிக்கென்று தகடுகளை அனுப்பினார்கள். 2023 செப்டம்பர் 24-ஆம் நாள் பேழை யூட்டா பாலைவனத்தில் இறங்கியதும், அங்குள்ள மண்ணையும் காற்றையும்கூட எடுத்து வைத்தார்கள். பேழைக்குள் நம் காற்று புகாதபடி தூய நைட்ரஜனைச் செலுத்தினார்கள். இத்தனை பாடும் 121.6 கிராம் மண்ணுக்கு. கால் கிலோவில் பாதிகூட இல்லை!

பலன் என்ன? நம் உடலின் புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றில் 14 வகை அந்த மண்ணில் இருந்ததாக 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். இன்னொரு சான்றும் கிடைத்தது. இந்த அமிலங்களில் பெரும்பாலானவற்றுக்கு வலக்கை, இடக்கை போல இரு வடிவங்கள் உண்டு. பூமியின் உயிர்கள் புரதம் செய்ய இடக்கை வடிவத்தையே எடுத்துக்கொள்கின்றன. பெண்ணு மண்ணிலோ இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருந்தன. நம் கைபட்ட அழுக்கானால் அப்படி இருக்குமா?

ஆனாலும் கண்ணயரக் கூடாது. 2020-இல் ஜப்பான் கொண்டுவந்த ரியூகு சிறுகோளின் துகள் ஒன்றில், இலண்டனில் ஆராயும்போது, கிருமிகள் இழையிழையாக வளர்ந்திருந்தன. அவை விண்ணுயிர் அல்ல, பூமியின் கிருமிகளே என்று ஆராய்ந்தவர்களே 2024-இல் எழுதினார்கள். நிலவு மண்ணைக் கொண்டுவர இந்தியாவின் சந்திரயான்-4 திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் ஒப்புதல் கிடைத்தது. அவர்களுக்கும் இந்தக் காவல் வேண்டும்.

பிள்ளைகளே, வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். அவித்த உருளைக்கிழங்குத் துண்டுகள் இரண்டு, வெந்நீரில் கழுவிய மூடியுள்ள போத்தல்கள் இரண்டு. ஒரு துண்டைக் கையால் தடவிப் போடுங்கள். மற்றதைக் கொதிநீரில் முக்கிய கரண்டியால் போடுங்கள். எதில் எது பட்டது என்று எழுதி ஒட்டி, ஒரு வாரம் பாருங்கள். பிறகு திறக்காமலே குப்பையில் போட்டுவிடுங்கள். கைபடாத துண்டுதான் உங்கள் சாட்சி. சாட்சி இல்லாத சோதனையை நம்பாதீர்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.